பின்னால் வருபவன்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேரி தீவுக்கு ஐந்து நண்பர்கள் சைக்கிளில் போனோம். கடைசியாக வருபவன் நான். மெதுவாக ஓட்டுபவரைக் கண்பார்வையிலேயே வைத்திருப்பதுதான் என் வேலை.

அன்று குமார்தான் மெதுவாக ஓட்டினான். மற்ற மூவரும் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் ஓர் இளநீர்க் கடையைப் பார்த்ததும் அவனிடம் சொல்லாமலே நின்றுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். கடைக்காரரோடு பேச்சு வளர்ந்து அரைமணி நேரமாகிவிட்டது.

பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் போனபோது, அவன் பாதையோரம் நினைவில்லாமல் கிடந்தான். உடம்பு கொதித்தது. ஆம்புலன்சை அழைத்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரங்கள்.

உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடிவந்தார். "போனக் குடுங்க தம்பி," என்று வாங்கி, மலாயில் தோட்டத்தின் பிளாக் நம்பரைச் சொன்னார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலையை மடியில் வைத்து, ஹெல்மெட்டால் விசிறிக்கொண்டிருந்தேன். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரியில் தெளிவாகப் பேசினான்.

"ரெண்டு தடவ நின்னுடலாம்னு பாத்தேன். பின்னால நீ இருக்கேங்கிற தைரியத்துலதான் மிதிச்சேன். நல்ல வேளைலா, நீ இருந்த."

தலையை ஆட்டினேன். இளநீர்க் கடையைப் பற்றி இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.