மகன் இருக்கும் ஊரில் வாடகைக் கட்டில்

என் நாத்தனார் ஆர்லிஸ் மூன்று பெரிய நகரங்களைச் சுற்றிப் பார்த்தவள். சிகாகோ, பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ. மூன்றுக்கும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில்தான் போனாள். மூன்றிலும், காசில்லாத வாலிபப் பிள்ளைகள் தங்கும் விடுதியில், அடுக்குக் கட்டிலில் ஏறிப் படுத்தாள். எங்கள் மினசோட்டா சர்ச்சில் அவளுக்கு ஏகப்பட்ட பெயர். "இந்த வயசுல என்ன தைரியம் பாரு" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மூன்று ஊரிலும் அவள் பெற்ற பிள்ளை வீடு எடுத்துக் குடியிருந்தான் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆர்லிஸ் என் கணவர் ஆர்வில்லின் கடைசித் தங்கை. என் மாமியார் இங்காவுக்கு ஏழு பிள்ளைகள். இரட்டைப் பையன்கள் லெஸ்டரும் லீராயும் பிறந்து, இனிமேல் இல்லை என்று தொட்டிலைப் பரணில் போட்ட பிறகு பிறந்தவள் இவள். பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள், முப்பத்தொரு வருஷம். பனி கொட்டுகிற காலையிலும் ஒரு நாள் தாமதம் கிடையாது. புருஷன் மெர்ல் இதயம் நின்று போனபோது மகன் டாரினுக்குப் பதினைந்து வயது. பதினெட்டில் அவன் படிக்கப் போனான். அதோடு ஊர்ப் பக்கம் வருவது விருந்தாளி வருகிற மாதிரிதான்.

ஆர்வில் வீட்டாருக்கு ஒரு பழக்கம். எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை வேண்டாம் என்பார்கள். மூன்றாவது முறை கேட்டால்தான் கை நீட்டுவார்கள். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தபோது வேறு எதைக் கொண்டுவந்தார்களோ தெரியாது, இதைக் கொண்டுவந்துவிட்டார்கள். என் மாமியாரின் பெரியப்பா மகள் குத்ரூன் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிடச் சொல்லி இரண்டே முறைதான் கேட்டார்கள் என்று பட்டினியோடு வீட்டுக்குப் போய், பதினோரு வருஷம் அந்தக் குடும்பத்தோடு பேசவில்லை. நான் செக் நாட்டுப் பொஹீமியா வழி. எங்கள் அம்மா வீட்டில் பசித்தவர் தாமே பானையைத் திறப்பார்.

சிகாகோவில் டாரினுக்கு வேலை கிடைத்தபோது, வந்து பார்க்கட்டுமா என்று ஆர்லிஸ் கேட்டாள். "வாம்மா. எங்க வீட்டுல தங்குறியா?" என்றான் அவன்.

"வேணாம்ப்பா. விடுதி கிடுதி பாத்துக்கறேன்."

"சரிம்மா" என்று போனை வைத்துவிட்டான்.

அவன் மறுபடி கேட்பான் என்று இவள் இரண்டு நாள் போனை விட்டு நகரவில்லை. சர்ச்சில் பாட்டு ஒத்திகைக்குக்கூட வரவில்லை. மூன்றாம் நாள், சொன்ன சொல்லைக் காப்பாற்ற, நிஜமாகவே விடுதியில் இடம் எடுத்துவிட்டாள். இப்படித்தான் இவள் ஊர்சுற்றி ஆனாள்.

அப்புறம் அவன் மெலிண்டாவைக் கல்யாணம் செய்துகொண்டான். கலிபோர்னியாப் பெண், நல்ல பெண், வாயில் வருவதுதான் மனதிலும். வேண்டாம் என்றால் அவளுக்கு வேண்டாம்தான். பேத்தி வில்லா பிறந்தாள். ஆர்லிஸ் அந்தக் குழந்தையைப் பார்த்ததெல்லாம் ஓட்டல் மேஜையில், இரண்டு மணி நேரம், வாயெல்லாம் நூடுல்ஸோடு. மகன் வீட்டு வாசற்படியை மிதித்ததே இல்லை.

டாரின் பாஸ்டனுக்கு மாறியதும் அங்கும் போய் வந்து, சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் படம் காட்டினாள். நடைபாதையில் ஓடும் சிவப்புக் கோடு, அந்தக் கோட்டைப் பிடித்துப் போனால் வரும் பழைய கட்டடங்கள், கல்லறைகள். நடுவில் ஒரு பச்சைக் கதவு.

"இது யாரு வீடு, ஆர்லிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"யாரோ. கதவு நல்லாருந்துச்சு."

கதவில் நாற்பத்தொன்று என்று எண். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் டாரினுக்கு நான் என் கையால் எழுதுகிற எண். தெருவில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்! எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

டாரின் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாறினான். இவள் மறுபடி பையைக் கட்டினாள். "நானும் வர்றேன்" என்றேன். இந்தத் தடவை அவளை அந்த வீட்டுக்குள் தள்ளிவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு.

இரண்டு நாள் பஸ். அவித்த முட்டை, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி, மறுபடி அவித்த முட்டை. விடுதியில் இறங்கும்போது என் முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. வரவேற்பு மேஜையில் இருந்த மூக்குத்திப் பெண் எங்களைப் பார்த்து, "கீழ்க் கட்டில் ஏதாவது மாத்தித் தரட்டுமாம்மா?" என்றாள்.

"வேணாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றாள் ஆர்லிஸ்.

"சரிம்மா" என்று அவள் இரண்டு மேல் கட்டிலுக்குச் சாவி கொடுத்துவிட்டாள்.

"உன் வாயில மண்ணைப் போட" என்றேன்.

ஊர் பார்த்தோம். காசில்லாமல் எதைப் பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். மலை மேல் இழுத்துப் போகும் டிராம் வண்டிக்குக் காசு கேட்டார்கள் என்று, அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே ஏறினோம். வண்டியில் போகிறவர்கள் எங்களுக்குக் கையாட்டினார்கள். பெரிய பாலத்தில் நடந்தோம். மூடுபனியில் பாலமே தெரியவில்லை. "நடந்தோம்ல, அது போதும்" என்றாள். துறைமுகத்தில் கடல்சிங்கங்கள் பலகை மேல் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

"பாரு, யாரும் கேக்காமலே எப்படி உருண்டு படுத்திருக்கு" என்றேன்.

"அதுகளுக்கு வெக்கம் கிடையாது."

"வயிறு நெறைஞ்சிருக்கு, கூட்டமா தூங்குது. உனக்கு என்ன இருக்கு?"

அவள் தாளை எடுத்து அடுத்த இடத்தைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டாரின் குடும்பத்தோடு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். வழக்கம்போல ஓட்டல். குழந்தை ஆர்லிஸ் மடியில் ஏறி அவள் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

"விடுதி வசதியா இருக்காம்மா?" என்றான் டாரின். "எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு."

"ஐயோ, வேணாம்ப்பா. அங்க நல்லாத்தான் இருக்கு."

மேஜைக்கடியில் அவனை ஓர் உதை விட்டேன்.

"என்ன அத்தை?"

"மறுபடி கேளுடா."

"எதை?"

"கேட்டதையே கேளு!"

அவன் விழித்தான். "நிஜமாவே வேணாமாம்மா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள் ஆர்லிஸ். குரல் இறங்கியிருந்தது. இன்னும் ஒரே ஒரு முறை. அவனும் வாயைத் திறந்தான். அதற்குள் மெலிண்டா அவன் கையைப் பிடித்தாள்.

"விடு டாரின். ரெண்டு தடவை வேணாம்னுட்டாங்க. அவங்களுக்குத் தனியா இருக்கப் பிடிச்சிருக்கு. வற்புறுத்துனா மரியாதையா இருக்காது."

மரியாதையாம்! ஆர்லிஸ் கைத்துண்டை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். மெர்லைப் புதைத்த அன்று கைக்குட்டையை இப்படித்தான் மடித்துக்கொண்டிருந்தாள்.

நான் முள்கரண்டியை வைத்தேன். "அவ வரலன்னா போறா. நான் வர்றேன். அந்த மேல் கட்டில்ல ஏற என்னால இனி ஆகாது. இன்னைக்கு உங்க வீட்டுலதான் படுக்கை."

"டெலோரிஸ்!" ஆர்லிஸ் முகம் பீட்ரூட் மாதிரி ஆகிவிட்டது. "கேக்காத வீட்டுல போயி..."

"கேட்டானே. எனக்கு ஒரு தடவை போதும்."

மெலிண்டா கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "வாங்க அத்தை! சந்தோஷமா வாங்க!"

"இவளைத் தனியா அனுப்ப முடியாது" என்றாள் ஆர்லிஸ், யாரையும் பார்க்காமல். "எடம் புதுசு. எங்கயாவது தடுக்கி விழுந்து வைப்பா."

"அப்ப நீயும் வர்றியாம்மா?" என்றான் டாரின்.

அது மூன்றாவது என்பது அந்த மடையனுக்குத் தெரியாது.

"உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னா" என்றாள்.

பை எடுக்க விடுதிக்குப் போகிற வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் வில்லாவைத் தூங்க வைக்கப் போனவள் வெகு நேரம் கழித்து வந்து, கட்டிலின் மறுபுறம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"நாலு பாட்டு பாட வெச்சுட்டா" என்றாள். பிறகு, "மானங்கெட்டவ நீ" என்றாள்.

"ஆமாம். போர்வையை இப்படித் தள்ளு."

நாலு நாள் இருந்தோம். தாளில் எழுதியிருந்த எந்த இடத்தையும் அப்புறம் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்தில் மெலிண்டா ஆர்லிஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷமும் இங்கேயே தங்குங்க" என்றாள்.

"பாக்கலாம்மா" என்றாள் இவள்.

மெலிண்டாவின் முகம் வாடியதைப் பார்த்தேன். ஏறிய படியிலிருந்து இறங்கினேன், இந்த முட்டியோடு. "சரின்னு அர்த்தம்மா! அது சரின்னு அர்த்தம்! ஜூன் மாசம் வருவா, ரூமைத் தயாரா வை" என்று அவள் காதுக்குள் கத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நெப்ராஸ்கா வரும்வரை ஆர்லிஸ் எனக்கு ஒரு முட்டைகூடக் கொடுக்கவில்லை.