காப்புக் கட்டிய காரில் பதுளைக்கு

ஹப்புத்தளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். பதுளைக்கு இருபத்தைந்து மைல். பஸ்ஸில் போயிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. தொண்ணூற்றெட்டு ஐப்பசியில், காலை ஏழு மணிக்கு, மகன் செல்வத்தின் காரில் ஏறினோம். மருமகள் ராணிக்குப் பதுளையில் பத்து மணிக்கு டீச்சர் வேலைக்கான நேர்முகப் பரீட்சை. பிந்திப்போனால் இன்னொரு முறை கூப்பிட மாட்டார்கள்.

கார், துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய ஜெர்மன் கார். கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை ஊசிபோலப் பீச்சி அடிக்கும் சாதி. ஓடும்போது ராஜா. நின்றால்தான் சீக்கு. உறுமும், இறங்கும், மறுபடி உறுமும், அணைந்துபோகும். இரண்டு வாரமாகச் செல்வம் நீளக் கம்பி ஒன்றை உள்ளே விட்டு, பெட்ரோலைக் கூட்டும் திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

ஹப்புத்தளை கடைத்தெருவில் லொறி ஒன்று மறித்தது. நின்றோம், அணைந்தது. பட்டுச்சேலையோடு ராணி இறங்கித் தள்ளினாள்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இம்புட்டு சனம் ஒன்னயப் பாக்கலடி," என்றேன்.

"சும்மா இருங்க அத்தை, அழுதுருவேன்."

எட்டு மணிக்குப் பண்டாரவளை. அங்கேயும் அணைந்தது. நல்ல வேளையாகப் பள்ளம்; ஒரு கராஜ் வாசல்வரை உருண்டோம். மெக்கானிக் பாஸ் வெற்றிலை வாயோடு வந்தார்.

"என்னம்மா கொறை?"

"ஓடச் சொன்னா ஓடுது பாஸ். சும்மா இருக்கச் சொன்னாத்தான் முடியல. எம் மகன் அதுக்கு நேர்மாறு."

செல்வம் முறைத்தான். பாஸ் சிரித்துக்கொண்டே இன்ஜினை ஓடவிட்டு, ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். கடைசியாக எண்ணெய் ஊற்றும் மூடியைத் தூக்கினார். இன்ஜின் சத்தம் மாறவில்லை.

"இந்த மூடியத் தொறந்தா இன்ஜின் தடுமாறணும். இது கண்டுக்கவே இல்ல. ஏற்கெனவே இது வழியாத்தான் களவாக் காத்துக் குடிக்குது. உள்ள போற காத்த அளந்துதான் பெட்ரோல் வரும். களவுக் காத்துக்கு யாரு அளக்குறது?"

குனிந்து பார்த்தோம். மூடி உட்காரும் வாயில் தடித்த மஞ்சள் நூலும் ஒரு துண்டு மஞ்சளும். இரண்டு வாரத்துக்கு முன் சரஸ்வதி பூசைக்குத் தோட்டத்துப் பூசாரி கட்டிய காப்பு! காரின் நெற்றியில் சந்தனம் வைத்தது போதாதென்று, இன்ஜினின் கழுத்திலேயே கட்டி, மேலே மூடியை அமுக்கியிருக்கிறார்.

"அறுத்து விடுங்க பாஸ்," என்றாள் ராணி.

"நான் மாட்டேன்மா. சாமி காரியம்."

"பூசாரியக் கேக்காம எப்படிடி?" என்றான் செல்வம்.

பூசாரி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். மணி எட்டே முக்கால். ராணி சேலையை இழுத்துச் செருகினாள்.

"அறுக்கத்தானே கூடாது? அவுக்கலாம்ல?"

நகத்தால் முடிச்சை நெம்பி அவிழ்த்து, எண்ணெய்ப் பிசுக்கோடு தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். "இன்னைக்கு இது எனக்குத்தான் வேணும்."

மூடி அழுத்தமாக உட்கார்ந்தது. ஆனால் பின்னால் கரும்புகை.

"யாருய்யா பெட்ரோல இப்படிக் கூட்டி வச்சது?"

செல்வம் மலையைப் பார்த்தான். பாஸ் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். புகை மறைந்தது, உறுமல் அடங்கியது. இன்ஜின்மேல் தண்ணீர் டம்ளரை வைத்துக் காட்டினார், துளி சிந்தவில்லை. கூலி இருநூறு ரூபாய். வாழ்த்து இலவசம்.

பத்தாவதற்குக் கொஞ்சம் முன்னால் பதுளை. ராணி இறங்கி ஓடினாள். பேர் கூப்பிடும்போது படியேறிக்கொண்டிருந்தாளாம். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தவளுக்கு முகமெல்லாம் பல்.

"பாடம் எடுத்துக் காட்டச் சொன்னாங்க அத்தை. எடுத்தேன். கேள்வி கேட்ட பெரியவரு பேனாவ வச்சிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தாரு."

பதுளையில் நான் பார்த்தது இவ்வளவுதான்: ஒரு ஆபீஸ் வாசல், ஒரு பிளேன்டீ. வரும் வழியில் ரயில் கேட் மூடிவிட்டது. பின்னால் ஒரு பஸ், ஒரு கொழுந்து லொறி. செல்வம் இன்ஜினை அணைக்கவில்லை. ரயில் வர வெகுநேரமாகியது. கார் அதிராமல் நின்றது. ராணி என் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கேட் திறந்ததும் பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்தான்.

"மெதுவாப் போடா," என்றேன். "டீச்சர் தூங்குறாங்க."