நிற்க மாட்டேன் என்ற பொத்தான்

வீட்டைச் சோதிக்க வந்த அதிகாரி சுவர் சாக்கெட்டின் பொத்தானை அழுத்தினார். 'டிக்' என்று உள்ளே போனது. மறு 'டிக்'கில் வெளியே வந்துவிட்டது. மறுபடி அழுத்தினார். மாமியார் வீட்டில் தங்க மறுக்கும் மாப்பிள்ளை மாதிரி உடனே கிளம்பியது.

"கரண்டு கசிஞ்சா தானா அறுத்துக்கற சாக்கெட்டும்மா இது. திரும்ப அழுத்தினா நிக்கணும். நிக்கலேன்னா வீட்டுல முடி வெட்ட அனுமதி கிடையாது. மேல் மாடியில ஒரு வேலை இருக்கு, முடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள பாருங்க."

அவர் படியேறும் சத்தம் அடங்கும்வரை கத்திரி சிரித்த முகமாக நின்றாள். தொழிலால் வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். நாக்கால் வந்தது என்பது தெருவுக்கே தெரியும். அடுத்தவள் கடையில் பாதி ஆயுசு முடி வெட்டிவிட்டு, "உன் தலைய நீயே வெட்டிக்கோ" என்று முதலாளியம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தவள். திரும்பிப் போகும் வழியை வாயாலேயே அடைத்தாயிற்று. இந்த அனுமதியை விட்டால் வேறு கதியில்லை.

பஸ் ஓட்டும் கணவன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். போன வாரம் அந்த சாக்கெட்டை மாட்டியவன் அவன்தான்.

"பஸ்ஸ மட்டும் ஓட்டுங்கன்னு சொன்னேன். கேட்டீங்களா?"

"நேத்துவரைக்கும் நின்னுதேடி!"

"உங்க கைவேலை எல்லாமே ஒரு வாரந்தான்."

முடி உலர்த்தியையும் டிரிம்மரையும் பிடுங்கிவிட்டு அழுத்தினான். நிற்கவில்லை. மெயினை அணைத்து மூடியைக் கழற்றினான்.

"எந்த வயரும் லூசா இல்ல."

"மாட்டுனவரத் தவிர."

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாக்கெட்டிலிருந்து அடுத்த இடத்துக்குப் போகும் வயர்களை மட்டும் கழற்றி, முனையில் டேப் சுற்றி, மெயினைப் போட்டு அழுத்தினான். பொத்தான் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

"சாக்கெட்டு மேல தப்பில்ல. இங்கேருந்து போற லைன்லதான் கோளாறு."

"எங்க போகுது அது?"

"பால்கனிக்கு."

கத்திரி பால்கனிப் பக்கம் திரும்பினாள். அதிகாரி கண்ணில் படக்கூடாது என்று ஈரத் துண்டுகளைக் காலையில் அள்ளிக்கொண்டுபோய் பால்கனி ஆணியில் மாட்டியவள் அவள்தான். இருவரும் போய்ப் பார்த்தார்கள். பிழியாத துண்டுகள், கீழிருந்த இன்னொரு சாக்கெட்டின் ஓட்டைகளுக்குள் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தன. கணவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன பார்வை? வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

"நான் பஸ் மட்டும் ஓட்டறவன்."

"என்னாச்சும்மா?" அதிகாரி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வேணும்னேதான் சார் நனைச்சேன்" என்றாள் கத்திரி. "தண்ணி பட்டா அறுக்குதான்னு நீங்க கண்ணால பாக்கணும்ல?"

அதிகாரி துண்டுகளைப் பார்த்தார். கணவனைப் பார்த்தார். கணவன் வானத்தைப் பார்த்தான். கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத ஆண்கள் பலரை அதிகாரிக்குத் தெரியும். மீசையே இல்லாமல் அதைச் செய்தவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"அறுக்குது. நல்லாவே அறுக்குது" என்றார். "காய வெச்சு, தண்ணி புகாத மூடி போட்டு, வயரத் திரும்ப மாட்டுங்க. பொத்தான் நிக்கற படத்த அனுப்புங்க. அப்புறம் சொல்றேன்."

மறுநாள் கத்திரி கடைக்குப் போய் மூடி வாங்கி வந்தாள். கணவன் வேலைக்குக் கிளம்பும் முன் அதைப் பொருத்தி, வயர்களை மாட்டினான். பொத்தான் நின்றது. படம் அனுப்பினாள். மதியம் அனுமதி வந்தது. சாயங்காலம் மேல் மாடி அம்மாள் முடி வெட்டிக்கொள்ள வந்தாள். நுனியை மட்டும் எடுத்தால் போதும் என்றாள்.