உப்பில் போட்ட வானத்துக் கல்

மீனை உப்பில் போட்டால் கெடாது. ஆகவே விண்கல்லை உப்பில் போட்டாலும் கெடாது. இதை நான் மனதார நம்பினேன். குடித்துவிட்டு அல்ல. காலையில் பல் துலக்கி, டீ குடித்து, தெளிந்த புத்தியோடு நம்பினேன்.

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிறவனுக்கு விண்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஒரு நாள் படகில் இருந்தபோது வானத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு நெருப்பு போனது. எங்கள் பக்கத்தில் ராக்கெட் தளம் இருப்பதால், அப்படி எது போனாலும் ராக்கெட் என்று சொல்லிவிட்டு வலையைப் பார்ப்போம். அன்றைக்கு ராக்கெட் எதுவும் விடவில்லை என்று தெரிந்ததும் போனில் தேட ஆரம்பித்தேன். தேடித் தேடி, விண்கல் சேகரிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போய் விழுந்தேன். கடுகளவு துண்டுக்கு நாள் முழுக்கப் பேரம் பேசுவார்கள். மீன் ஏலத்தில் வளர்ந்தவனுக்கு அது சொந்த வீடு மாதிரி இருந்தது. சென்னாக்குன்னி என்கிற பொடி இறால் கருவாட்டைக் கொடுத்து மிளகளவு விண்கல் வாங்கியவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

குழுவில் மீஞ்சூர்க்காரர் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் உள்ளங்கை அகலத்தில் இரும்பு விண்கல் துண்டு ஒன்று இருந்தது. அறுத்த முகத்தில் அமிலம் தடவி எடுத்திருந்தார். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலைக்கண் மாதிரி ஓடும். "என் வூட்ல பூட்டி வச்சு இன்னா பிரயோஜனம்? ஆளுக்குக் கொஞ்ச நாள் வச்சுப் பாருங்க" என்றார். யாருக்கு முதலில் என்று குழுவில் அடிதடி. நான்தான் வழி சொன்னேன். ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று நாங்கள் சீட்டுக் குலுக்கி முறை வைப்போம். பாடு என்று பெயர். கல்லுக்கும் பாடு வைக்கலாம் என்றேன். எல்லோருக்கும் பிடித்துப்போனது. காட்டூரில் நெல் பயிரிடுகிற ஒருவர் மட்டும் குரல் பதிவு ஒன்று போட்டார்.

"பாடு சரிதான் நைனா. உப்புக்காத்துல இரும்பு நிக்குமா? உன் வூட்டு ஜன்னல் கம்பியே நிக்கலைன்னு சொன்னியே?"

உடனே, கடலோரத்துக்காரர்களைச் சீட்டில் சேர்க்க வேண்டாம் என்று இரண்டு பேர் எழுதினார்கள். எனக்குச் சுருக்கென்றது. "என் முறையில் கல்லுக்கு ஒரு கீறல் விழுந்தால் எங்கள் கரையில் ஒருத்தன் பேரையும் சீட்டில் போடாதீர்கள்" என்று வீராப்பாக எழுதிவிட்டேன். எங்கள் கரையிலிருந்து குழுவில் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே பணயம் வைத்தாயிற்று.

என் முறை மழைக்காலத்தில் வந்தது. மீஞ்சூர்க்காரர் கல்லோடு சில வெள்ளைப் பொட்டலங்களும் கொடுத்தார். புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்குமே, அந்த மாதிரி. "ஈரம் மட்டும் ஆவாது. டப்பாவுல இதையும் சேர்த்துப் போட்டு மூடு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மழைக்கால ஈரத்துக்கு இத்தனூண்டு பொட்டலமா? எங்கள் வீட்டில் கூடை கூடையாக மீனின் ஈரத்தை உறிஞ்சுவது எது? நங்கூரம் துருப்பிடிப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது தண்ணீரில் கிடக்கிற நம்மூர் இரும்பு. இதுவோ வானத்து இரும்பு, வைக்கப்போவதோ காய்ந்த உப்பில். மண்டைக்குள் ஒரு வக்கீல் இப்படி வாதாடி ஜெயிக்க, ஊறுகாய் ஜாடியில் கல்லுப்பைக் கொட்டி விண்கல்லைப் புதைத்தேன்.

சில நாள் கழித்துத் திறந்தால் உப்பு பழுப்பாக நசநசத்துக் கிடந்தது. கல்லின் மேல் முத்து முத்தாகத் தேன் நிறத்தில் நீர். துடைத்தேன், மறுபடியும் பூத்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிளம்புகிற கப்பல் எதிலாவது ஏறிவிடலாமா என்று யோசித்தேன். நீச்சல் தெரியும் என்பதால் கப்பல் கிளம்பிவிட்டாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கல்லுக்கும் வேர்க்குது, உனக்கும் வேர்க்குது. யாரை மொதல்ல தொடைக்கிறது?"

"சும்மா இருமே. கருவாடே கெடலை, இது எப்படி கெடும்?"

"கருவாட்டைப் பொரிச்சுத் துன்றோம்யா. இதையும் பொரிச்சே அனுப்பிடு."

"பழைய நங்கூரத்துல ஒரு துண்டு அறுத்து..."

"அறுத்து? அந்த வலைக்கண்ணை இன்னா, நீயே கோடு போடுவியா? போனை எடுய்யா."

எடுத்தேன். சொன்னேன். மீஞ்சூர்க்காரர் கேட்டார்:

"உப்புலயா?"

"ஆமா சார்."

"கல்லுப்பா, தூளுப்பா?"

"கல்லுப்பு சார்."

"மஞ்சா தடவலியே?"

திட்டியிருந்தால் தேவலை. விரிசலுக்குள் போன உப்பை வெளியே எடுக்காவிட்டால் கல் உள்ளுக்குள்ளேயே பொடிந்துவிடும் என்றார். வழியும் சொன்னார். தானே வந்து கல்லை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார்.

"வேணாம் சார். நான் போட்ட உப்பு, நானே எடுக்கறேன்."

மீஞ்சூரில் கடல் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஒரு பெரிய ஆலையே இருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் பழைய டூத் பிரஷும். துருவைத் தேய்த்து எடுத்தேன். ரப்பர் கையுறை மாட்டி, பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் கொஞ்சம் காஸ்டிக் சோடா கரைத்து, கல்லை ஊறப் போட்டேன். தண்ணீர் பழுப்பு நிறமாகப் பழுத்தது. கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். அதுவும் பழுத்தது. ஏரிக்குப் போய் வந்து வலையை உதறியதும் முதல் வேலை அதுதான். ஒவ்வொரு தண்ணீரையும் படம் எடுத்துக் குழுவில் போட்டேன், மறைக்கவில்லை.

"இன்னா நைனா, கொழம்பு கொதிச்சுதா?" என்று காட்டூர்க்காரர் கேட்டார்.

"உப்பு பாக்க நீதான் வரணும்" என்றேன்.

ஒரு தடவை தேய்க்கும்போது மூலை ஒன்று உதிர்ந்து கையோடு வந்தது. அதையும் படம் எடுத்துப் போட்டேன். கீழே எழுதினேன்: "உப்பு போட்டது நான். என் பேரை எடுத்துவிடுங்கள். கரையின் மற்ற பேர்களை விட்டுவிடுங்கள்." அனுப்பிவிட்டு மறுபடியும் தண்ணீர் மாற்றினேன்.

தண்ணீர் பழுக்காமல் நின்ற பிறகும், நம்பிக்கை இல்லாமல் இன்னும் பல தடவை மாற்றினேன். ஸ்பிரிட்டில் அலசி, காற்றில் உலர்த்தி, நான் சிரித்த அதே வெள்ளைப் பொட்டலங்களோடு டப்பாவில் போட்டு மூடினேன். என் முறை முடியும்வரை தினமும் திறந்து பார்த்தேன். முத்து பூக்கவில்லை.

மீஞ்சூர் ஸ்டேஷனில் கல்லை அடுத்த முறைக்காரரான காட்டூர்க்காரரிடம் கொடுத்தேன். ஒரு மூலை இல்லை. கோடுகளில் பாதி மங்கியிருந்தது. அடுத்த சுற்றுச் சீட்டில் என் பேர் இல்லை. எங்கள் கரையின் மற்ற பேர்கள் எல்லாம் இருந்தன.