பரிமளா சாதுவாக இருந்ததில்லை

பேருந்து திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பரிமளாவின் தம்பி சங்கர் போன் செய்தான். "உமாக்கா, அக்கா போய்டிச்சிக்கா" என்றான். டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். முந்தின நாள் மாலைகூட என்னோடு பேசினாள். "எங்கடா போனா?" என்று கேட்டேன். அவன் அழுதான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செங்கல்பட்டில் நாங்கள் ஒரே வகுப்பில் பி.எஸ்சி. கணிதம் படித்தோம். நெம்மேலியிலிருந்து வந்து மாமல்லபுரத்தில் என்னோடு பஸ் மாறுவாள். பிறகு படித்த கல்லூரியிலேயே இருவரும் கெஸ்ட் லெக்சரர் ஆனோம். கல்லூரியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. உடன் படித்தவர்களுக்குத் தெரியும்.

கால்குலஸ் வகுப்பில் ஒருநாள் சார் போர்டில் ஒரு வளைகோடு வரைந்தார். "கீழேர்ந்து மேல போவுது. நடுவுல அச்சைத் தொட்டுத்தானே ஆவணும்? வெளிப்படை. எழுதிக்குங்க" என்றார். பரிமளா எழுந்தாள்.

"சார், பின்னமா எழுத முடியற எண்ணுங்க மட்டும்தான் இருக்குன்னு வெச்சுக்குங்க. எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ரெண்டு, ஒண்ணுல மைனஸ், ரெண்டுல ப்ளஸ். ஆனா நடுவுல எங்கயும் பூஜ்யம் ஆவாது. அந்த ஓட்டை படத்துல தெரியாது சார்."

"நீ பாஸ் பண்ண வந்தியா, எனக்குப் பாடம் எடுக்க வந்தியா?"

வகுப்பு சிரித்தது. திரும்பும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தாள். "படம் பாத்து நம்பறதுக்கு இது இன்னா சினிமாவாடி? வெளிப்படைன்னு ஒருத்தன் சொன்னா, அங்கதான் அவனுக்குத் தெரியலன்னு அர்த்தம்."

தேர்வில், வளைகோடு அச்சைத் தொட்டே ஆகும் என்ற அதே தேற்றம் வந்தது. சார்பின் மதிப்பு குறையாக, அதாவது மைனஸாக, இருக்கும் புள்ளிகளையெல்லாம் ஒரு கணமாக எடுத்து, அதன் மீச்சிறு மேல்வரம்பைப் பிடித்து, அங்கே மதிப்பு குறையாகவும் இருக்க முடியாது, மிகையாகவும் இருக்க முடியாது என்று சுத்தமாக நிறுவியிருந்தாள். சார் பூஜ்யம் போட்டார். கைடில் அப்படி இல்லையாம்.

"எந்த வரி தப்புன்னு சொல்லுங்க சார், ஒத்துக்கறேன்" என்று அவர் அறை வாசலில் நின்று கேட்டாள். "பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ வாய் ஆவாது" என்றார். கடைசிவரை வரியைக் காட்டவில்லை. இன்டர்னல் மார்க்கையும் குறைத்தார். அதனால் எம்.எஸ்சி. இடம் கை நழுவியது. மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் ரிசப்ஷனில் நின்றுகொண்டே அஞ்சல் வழியில் படித்து முடித்தாள். அதை 'விடாமுயற்சி' என்று இப்போது பாராட்டுகிறார்கள். அவளை அங்கே நிற்க வைத்தது யார்?

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த சார் துறைத் தலைவராகியிருந்தார். முதலாண்டுக்கு லிமிட் என்றால் என்ன என்பதை அவசரப்படாமல், ஒவ்வொரு அடியாக நிறுவிக் கற்பித்தாள். "பாஸ் பர்சன்டேஜ் போவுது. இம்பார்ட்டன்ட் கொஸ்டின் குடுத்துட்டுப் போம்மா" என்றார் அவர்.

"மனப்பாடம் பண்ண வெக்கறதுக்கு நான் எதுக்கு சார்? செல்போன்ல ரெக்கார்ட் பண்ணி ஓட விட்டுருங்க."

அந்தப் பாடத்தை அவளிடமிருந்து பிடுங்கினார்கள்.

போன மாதம் விடைத்தாள் திருத்தும் நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல். துறைத் தலைவரிடம் லீவு கேட்டாள். "கெஸ்ட்டுக்கு ஏது மெடிக்கல் லீவு? வரலன்னா வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார். மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாள். பேனாவைப் பிடித்தபடியே மேசைமீது சரிந்தாள். நானும், அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் காத்திருந்த சங்கரும்தான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

கல்லூரி இரங்கல் கூட்டத்தில் அவள் படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் துறைத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "பரிமளா ரொம்ப சாது. யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை."

நான் எழுந்தேன். "பொய் சார்."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. பூஜ்யம் போட்டதை, பாடத்தைப் பிடுங்கியதை, லீவு மறுத்ததைச் சொன்னேன். "துக்கத்துல வந்து இன்னாம்மா இது, உக்காரு" என்றார். என் கையில் மைக் இல்லை. முன்வரிசையிலிருந்து சங்கர் கத்தினான்: "நீ பேசுக்கா. நிறுத்தாத." பேசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இனி வகுப்புக்கு வர வேண்டாம் என்று மறுநாள் எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நெம்மேலிக்குப் போனபோது பரிமளாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளாலதான உனுக்கு வேல பூட்ச்சி?" என்றார். "அவளால இல்லம்மா. அந்த ஆளாலதான்" என்றேன்.

உடன் படித்தவர்களே, இனி ஆளாளுக்கு அவளை 'பாவம், நல்ல பொண்ணு' என்று சொல்வார்கள். சொல்லிச் சொல்லியே அவள் போட்ட சண்டையை மறைத்துவிடுவார்கள். நீங்களும் சேர்ந்து சொல்லாதீர்கள். அவள் கோபக்காரி. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதை ஆறவிட மாட்டேன்.