கழுத்துவரை நிறைக்காத கேன்

செங்கம் ரோட்டில் ராஜமாணிக்கத்தின் ஊதுவத்திக் கூடம் இருக்கிறது. வாசனைத் தைலங்கள் கலக்கும் அறையின் சாவி பதினெட்டு வருடமாக முருகையனின் இடுப்பில்தான் தொங்கியது. எம்.எஸ்ஸி. படித்த நந்தினி வந்த இரண்டாம் மாதமே அது அவள் மேசைக்குப் போய்விட்டது. முருகையனுக்கு எடுபிடி வேலைதான் மிஞ்சியது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன? அவள் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதலாளி அவளை உட்காரச் சொல்லிப் பேசுவார். இவர் பதினெட்டு வருடமும் நின்றுகொண்டேதான் பதில் சொன்னார்.

அவள் பென்சால்டிஹைடு என்று சொல்வது முருகையனுக்கு வெறும் பாதாம் வாசனைச் சரக்கு. ஊதுவத்திக்குக் கொஞ்சம்தான் போகிறது, பச்சைச் சாயம் செய்கிறவர்களும் பட்டை வாசனை தயாரிக்கிறவர்களும் மருந்துக் கம்பெனிகளும் அதை வாங்கித்தான் வேறொன்றாக மாற்றுகிறார்கள் என்று அவள் விளக்க, முதலாளி வாயைப் பிளந்து கேட்டார். இவ்வளவு தெரிந்தவள் கேனை என்றைக்காவது எட்டிப் பார்த்தாளா? கேன் பாதியானதும் மிச்சத்தைச் சின்ன பாட்டில்களில் கழுத்துவரை நிறைத்து இறுக்கி மூட வேண்டும். உள்ளே காற்று நின்றால் வெள்ளையாக உப்புபோலப் படியும், மணம் போய்விடும். சாவி போன பிறகும் யாரும் சொல்லாமலே முருகையன்தான் மாதாமாதம் அதைச் செய்துவந்தார்.

இந்த மாதம் செய்யவில்லை. மூடியையும் அரைகுறையாகத்தான் திருகினார். கிரிவலக் கூட்டத்துக்கு விற்கும் பௌர்ணமிச் சரக்கு கலக்கும்போது அவள் முழிக்கட்டும் என்று காத்திருந்தார்.

பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கையில் முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டார். நந்தினியும் அங்கே நின்றாள். கேன் திறந்திருந்தது. வாயைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. முதலாளியின் கையில் சாவி இருந்தது.

"நேத்து இந்தப் பொண்ணு எங்கிட்ட சண்ட போட்டுச்சு, முருகையா. சரக்கு கெடாம இருக்கறதே அண்ணனாலதான், அவரு நெறச்சு வெச்ச பாட்டிலப் பாத்துதான் நானே கத்துக்கினேன், சாவிய அவருகிட்டயே குடுங்கனு. குடுத்துடலாம்னுதான் வந்தேன். வந்து பாத்தா, நீ நெறச்சு வெக்காம விட்டிருக்க."

 

நந்தினி அந்த வெள்ளையைக் குச்சியால் சுரண்டிப் பார்த்தாள். "என் தப்புதாங்க சார். அண்ணன் பாத்துக்குவாருனு விட்டுட்டேன்."

அவள் திட்டியிருந்தால்கூட முருகையன் தாங்கியிருப்பார். முதலாளி சாவியை அவள் மேசையிலேயே வைத்துவிட்டு, கெட்டுப்போன கேனைப் பின்பக்கம் கொண்டுபோய் வைக்கும்படி முருகையனிடம் சொன்னார்.