மூட்டைக்கு மார்க் போட்டவள்

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். ராயபுரத்தில் ஒரு மிளகாய் மண்டியில் வேலை பார்த்தேன். கொழும்புக்குக் கப்பலேறும் மூட்டைகளுக்கு மார்க் போடுவது என் வேலை. எழுத்து வெட்டிய தகரத் தகட்டைக் கோணி மேல் வைத்து, மை தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தால் எழுத்து விழும். என்ன எழுத்து என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இரண்டு வருடம் போட்டேன், கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

ஒரு நாள் தகட்டைக் கழுவித் துடைத்தவள், மறுபக்கமாக வைத்துவிட்டேன். நூற்றுச் சொச்சம் மூட்டையிலும் எழுத்து இடவலம் மாறி விழுந்தது. மண்டியில் வேலை செய்த பத்துப் பெண்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. துறைமுகத்தில் மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது.

முதலாளி கத்தவில்லை. "நாளையிலேர்ந்து மார்க் போட படிச்ச ஆள் வருவான். நீ காம்பு கிள்ளப் போ" என்றார். மார்க் வேலைக்குக் கூலி அதிகம். என் புருஷன் நெஞ்சு நோவோடு படுத்துக் கிடந்த நேரம் அது. அவமானமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"மொதலாளி, அவனுக்கு மாசாமாசம் சம்பளம் தரணும். அதுக்குப் பதிலா எங்க பத்து பேருக்கும் மத்தியானம் அரை மணி வுடுங்க. கணக்குப்புள்ள எழுத்து சொல்லித் தரட்டும். மூணு மாசத்துல கத்துக்கலைன்னா நானே வூட்டுக்குப் போயிடறேன்" என்றேன்.

முதலாளி யோசித்துவிட்டுச் சரி என்றார். அதுவரை தகடு நேராக இருக்கிறதா என்று கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்ள, மார்க்கை நானே போட்டேன். கணக்குப்பிள்ளைதான் சிரித்தார். "இந்த வயசுல இன்னாம்மா படிப்பு?"

"சோத்துக்கான படிப்பு நைனா" என்றேன்.

சிலேட்டு கிடையாது. பிரஷ்ஷைத் தண்ணீரில் தொட்டு சிமெண்ட் தரையில் எழுதினோம். மார்க்குக்கு வேண்டிய இங்கிலீஷ் எழுத்து முதலில், பிறகு தமிழ். காய்வதற்குள் படித்துவிட வேண்டும். மிளகாய் நெடியில் கண் எரியும். இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள்.

மூன்றாம் மாதம் புதுத் தகடு ஒன்று வந்தது. சரக்கு போகும் ஊர் எழுதிய சீட்டோடு ஒப்பிட்டேன். தகட்டில் ஊர்ப்பெயரே வேறு. மை படுமுன் நிறுத்தினேன். முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளியாள் வேணாம். மார்க் நீயே பாத்துக்க" என்றார்.

"அவனுக்குன்னு வெச்சிருந்த சம்பளம்?" என்று கேட்டேன். பாதி ஏற்றிக் கொடுத்தார். மீதியை மறு வருடம் கேட்டு வாங்கினேன். அதற்கப்புறம் அவர் மண்டி மூட்டை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை, அவருக்கும் லாபம்தான்.

இன்றைக்கு நினைத்தாலும் பகீர் என்கிறது: அன்று வாயை மூடிக்கொண்டு காம்பு கிள்ளப் போயிருந்தால், நான் மக்கு என்று நானே நம்பிக்கொண்டு செத்திருப்பேன்.